கவுட் நோயைக் கைநழுவ விடாமல் காப்பது எப்படி?

மூட்டு வியாதிகளில் பெரும்பாலானவற்றை வைத்துக்கொள்ளத் தனித்திறமை எதுவும் வேண்டாம். தேய்மானம் வந்தால் வந்ததுதான். முடக்குவாதம் மருந்துக்கு அடங்கும், ஆனால் வீட்டைக் காலி செய்யாது. கவுட் வேறு ரகம். காரணம் யூரிக் அமிலம் என்று தெரியும். அளக்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இறக்குவதற்கு 1966-லிருந்தே மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரை ஒன்று டீக்கடை டீயின் விலைகூட வராது. கொஞ்சம் அசந்தால் போதும், அடங்கிவிடும். அப்படியிருந்தும் இதைப் பதினைந்து, இருபது வருடமாகப் பேணி வளர்ப்பவர்கள் நம்மிடையே தாராளமாக இருக்கிறார்கள். அவர்களின் பழக்கவழக்கங்களைக் கூர்ந்து கவனித்துத் தொகுத்ததே இந்த வழிகாட்டி. மூட்டுவலியோடு உட்கார்ந்த இடத்திலேயே படிக்கலாம்.

யாருக்கெல்லாம் வாய்ப்பு?

முதலில் மனிதனாகப் பிறந்திருக்க வேண்டும். உடம்பில் செல்கள் தினமும் செத்துப் புதிதாகின்றன. அவற்றின் மரபணுப் பொருளில் இருக்கும் பியூரின் உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் வந்து சேர்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்றொரு நொதி உண்டு; அது யூரிக் அமிலத்தை இன்னும் உடைத்து, தண்ணீரில் எளிதாகக் கரைகிற பொருளாக்கி வெளியே தள்ளிவிடும். மாட்டுக்கு உண்டு, பூனைக்கு உண்டு. நம் மூதாதைக் குரங்குகள் அந்த மரபணுவை வழியில் எங்கோ தொலைத்துவிட்டன. ஆகவே கவுட் வருவதற்கான அடிப்படை முதலீட்டை உங்களுக்கு முன்னோர்களே செய்து வைத்துவிட்டார்கள்.

ஆணாக இருந்தால் கூடுதல் மதிப்பெண். பெண்களின் ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுவதால், மாதவிலக்கு நிற்கும்வரை அவர்கள் பெரும்பாலும் போட்டியில் இல்லை. ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாகத் தேவைப்படுவது, கை இறுகிய சிறுநீரகம். கவுட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உற்பத்தி அதிகமில்லை, வெளியேற்றம்தான் குறைவு. அது பெரிதும் பரம்பரைச் சொத்து. அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்ததா என்று விசாரியுங்கள். பத்திரம் எழுதாமலே வந்து சேரும் சொத்து இது ஒன்றுதான்.

மேற்கொண்டு உதவிகள் உண்டு. தொப்பை நல்ல துணை. ரத்தக் கொதிப்புக்குத் தரும் சிலவகை நீர்போக்கி மாத்திரைகளும், இதயத்துக்காகப் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை ஏற்றும். (இதைப் படித்துவிட்டு இதய மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி பொறுப்பல்ல. கவுட் ஆளைக் கொல்வது அரிது, மாரடைப்பு அப்படியில்லை. மாற்றுவதா வேண்டாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.)

படிகம் ஏறும் விதம்

பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகை ஆறவைத்து, அதில் நூலைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் விட்டுவிடுவார்கள். படிகம் நூலைப் பிடித்து ஏறும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் காராட் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார். கவுட் நோயாளியின் ரத்த நீரில் கொஞ்சம் அமிலம் சேர்த்து, ஒரு நூலைப் போட்டு வைத்தார். யூரிக் அமிலப் படிகங்கள் நூலில் ஏறி நின்றன.

உடம்புச் சூடான 37 டிகிரியில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம்வரை யூரிக் அமிலம் கரைந்திருக்கும். அதைத் தாண்டினால் யூரேட் உப்பு ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். சூடு குறைந்த இடத்தில் இன்னும் சீக்கிரம். உடம்பில் குளிர்ந்த மூலை எது? நெஞ்சிலிருந்து ரொம்பத் தூரத்தில், செருப்புக்குள் கிடக்கிற கால் கட்டைவிரல். முதல் வருகைக்குக் கவுட் பெரும்பாலும் கட்டைவிரலின் அடிமூட்டைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கும் பங்குண்டு.

கவனிக்கவேண்டியது, இந்தச் சேமிப்பு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும் என்பது. வலி வந்த அன்றைக்கு நோய் ஆரம்பிப்பதில்லை. அன்றைக்குத்தான் வெள்ளணுக்கள் அந்தப் படிகங்களைக் கண்டுபிடித்து, அந்நியன் நுழைந்துவிட்டான் என்று கலவரம் செய்கின்றன. இது வெறும் ஊகமாக இருக்கக்கூடாது என்று 1962-ல் டேனியல் மெக்கார்ட்டி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகா ஃபெயர்ஸும் யூரேட் படிகங்களைத் தங்கள் முழங்கால்களிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் சந்தேகம் தீர்ந்தது. ஆராய்ச்சிக்காகக் கவுட்டைக் காசு கொடுக்காமல் வாங்கியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

முதல் இரவு

நாள் குறிப்பதில் உங்களுக்குப் பெரிய பங்கில்லை. ஆனால் சில ஏற்பாடுகள் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல், சுவரொட்டி, குடல் குழம்பு, கூடவே பீர், தண்ணீர் மட்டும் குடிக்காமல் இருப்பது என்பது பழகிய முறை. அசைவம் ஆகாதவர்களும் மனம் தளரவேண்டாம். ஏகாதசிப் பட்டினி, ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கும் ஆவேச டயட், ஆபரேஷன், கட்டைவிரலில் ஒரு சின்ன அடி, வெயிலில் அலைந்து உடம்பு வறண்டு போவது எல்லாமே வலியைக் கிளப்பும். விருந்துக்கும் வரும், விரதத்துக்கும் வரும்.

நேரம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆள் ஏதோ கடித்ததுபோல் எழுந்து உட்காருவார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கட்டைவிரல் மூட்டு சிவந்து, தோல் இழுத்துக் கட்டியமாதிரி மினுமினுத்துக் கொண்டிருக்கும். தொட்டால் கொதிக்கும். போர்வையின் ஓரம் உரசினால்கூடத் தாங்காது. போர்வையை உதறினால் மின்விசிறிக் காற்று வலிக்கும். மனைவி எழுந்து வந்து, "என்னங்க, எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டீங்களா?" என்று கட்டிலின் விளிம்பில் உட்காருவார், அந்தச் சிறு அசைவுக்கே கட்டில் முழுவதும் வலியாகும். 1799-ல் இங்கிலாந்தின் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே வரைந்த படம் ஒன்று உண்டு: வீங்கிய பாதத்தின்மேல் கருத்த சின்னப் பிசாசு ஒன்று குந்திக்கொண்டு, பல்லையும் நகத்தையும் ஒருசேர இறக்கியிருக்கும். மருத்துவப் புத்தகங்கள் இன்றுவரை அதைவிடத் தெளிவாக விளக்கவில்லை.

வலியின்போது உங்கள் அந்தஸ்து உயர்வதை மறக்கக்கூடாது. ஸ்பெயினையும் பாதி ஐரோப்பாவையும் ஆண்ட ஐந்தாம் சார்லஸ் இதே நோயில் துடித்து, ஓய்ந்து, 1556-ல் முடியைத் துறந்தார். தனியே பத்திரப்படுத்தி வைத்திருந்த அவருடைய விரல்நுனியை 2006-ல் ஆராய்ந்து, கவுட்தான் என்று உறுதிசெய்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1780-ல் தமக்கும் கவுட்டுக்கும் நடக்கும் உரையாடலாகவே ஒன்றை எழுதினார். அதில் கவுட் அம்மையார் அவரை, நடக்காமல் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவதற்காகத் திட்டித் தீர்க்கிறார். ராஜாக்களின் நோய் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. இன்றைக்கு ராஜா கணக்காகச் சாப்பிட சிப்ஸும் கூல் டிரிங்க்ஸும் போதும் என்பதால் நோய் ஜனநாயகமாகிவிட்டது.

விடிந்ததும் எங்கே போவது?

கட்டாயம் மருந்துக்கடைக்கு.

"அண்ணே, கட்டைவிரல் வீங்கிருச்சு. ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

"வெளியூர் போனீங்களா? செருப்பு கடிச்சிருக்கும்."

"இல்லண்ணே, தூங்கி எந்திரிச்சேன், இப்படி இருக்கு."

"காலைல ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

கையளவு காகிதக் கவரில் மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் வரும். ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு. மூன்றாவது ஸ்டீராய்டாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வலி நிஜமாகவே குறையும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் கவுட் வலி பெரும்பாலும் 7 முதல் 14 நாளில் தானாகவே போய்விடும். தோல் மட்டும் லேசாக அரித்து உரியும். எனவே அந்த இரண்டு வாரத்துக்குள் யார் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அவருக்கே. தைலம் தேய்த்த அத்தைக்கு, மந்திரித்துக் கயிறு கட்டியவருக்கு, முடக்கத்தான் தோசை சுட்டவருக்கு. தோசை ருசியானது, சாப்பிடுங்கள். அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால் உங்கள் கவுட் பத்திரமாக இருக்கும்.

அந்த மூன்று நிற செட்டை அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும் நீங்களே போய் வாங்கிக்கொள்வது இன்னும் உத்தமம். வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் யூரிக் அமிலம் இன்னும் தேங்கும். தானாகச் சுழலும் இப்படியொரு ஏற்பாடு வேறெந்த நோய்க்கும் வாய்க்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். மூட்டு வீக்கத்தோடு குளிர்காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். கவுட்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் கலை

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தம் கொடுங்கள். அந்த நேரத்தில் யூரிக் அமிலம் பலருக்கு இறங்கி, சாதாரணமாகவே காட்டும். சீட்டில் 6.4 என்று வந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு யூரிக் ஆசிட்லாம் இல்ல" என்று எல்லோரிடமும் காட்டலாம். வலி போய் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், போய்விடாதீர்கள். மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்து நுண்ணோக்கியில் ஊசிப் படிகத்தைத் தேடுவதுதான் தீர்மானமான சோதனை. யாராவது அதைச் செய்துவிட்டால் பிறகு சாக்குச் சொல்ல இடமிருக்காது.

இதற்கு நேரெதிரான கூட்டமும் உண்டு. குதிகாலில் வலி, சீட்டில் 7.3, உடனே தங்களுக்குக் கவுட் என்று அறிவித்துவிடுவார்கள். இவர்கள் போலிகள். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்தும் வாழ்நாளில் ஒரு தடவைகூட மூட்டு வீங்காதவர்கள் ஏராளம். சிறுநீரகக் கல்லும் இல்லை, மூட்டுவலியும் வந்ததில்லை என்றால் வெறும் எண்ணைப் பார்த்து மாத்திரை கொடுப்பது பொதுவாக வழக்கமில்லை. குதிகால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் பாதத்தின் அடியில் ஓடும் தசைநார்ப் பட்டை. ராஜபரம்பரையில் அவ்வளவு சுலபமாக இடம் கிடைத்துவிடாது.

சாம்பாரைத் தண்டியுங்கள்

கவுட்டைக் காப்பதில் சமையலறைக்குப் பெரும்பங்கு உண்டு, எல்லோரும் நினைக்கிற விதத்தில் அல்ல. செய்தி பரவியதும் வீட்டில் முதலில் பருப்பு நிறுத்தப்படும். அடுத்து கீரை, காளான், காலிஃபிளவர். பியூரின் உள்ள காய்கறிகளாம். மாமியார் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவார். வீட்டுக்காரர் வெறும் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு தியாகி முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வு இந்தப் பட்டியலைக் காலி செய்துவிட்டது. இறைச்சியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பியூரின் நிறைந்த காய்கறிகளால் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. அதாவது துவரம்பருப்பு நிரபராதி, மோர் நண்பன். இந்தச் செய்தியை வீட்டில் சொல்லாதீர்கள். சாம்பார் ஜெயிலில் இருக்கும்வரை பாட்டில் குளிர்பானத்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அதிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலத்தை நேரடியாகவே கூட்டும். "நான் தண்ணியே அடிக்கிறதில்ல, வெறும் கூல் டிரிங்க்ஸ்தான்" என்று பெருமைப்படும் மாப்பிள்ளைகள் நல்ல பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். மது வரிசையில் பீர் முன்னணியில் நிற்கிறது: ஆல்கஹாலோடு பியூரினும் அதிலேயே இருக்கிறது. கடலோர அன்பர்களுக்கு நெத்திலியும் மத்தியும் உண்டு.

ஆனால் இதைவிடப் பெரிய வாய்ப்பு உணவின்மேல் முழுப்பழியையும் போடுவதில் இருக்கிறது. கட்டுப்பாடான பத்தியம் இருந்தாலும் யூரிக் அமிலம் ஒரு புள்ளி அளவுதான் பொதுவாக இறங்கும். 9-ல் இருப்பவர் 8-க்கு வருவார். படிகம் தொடர்ந்து படியும். அவரோ, "வாயைக் கட்டிட்டேன், மாத்திரை எதுக்கு?" என்பார். சொந்தக்காரர்களும் ஒவ்வொரு வலிக்கும், "நேத்து என்ன தின்னீங்க?" என்று குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். சிறுநீரகத்தின் பரம்பரைக் கணக்கை நாக்கின் குற்றமாக மாற்றிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாமலே இருந்துவிடலாம்.

செங்காந்தள் விவகாரம்

இந்த அத்தியாயத்தில் உள்ளூர்ப் பெருமை கொஞ்சம் இருக்கிறது. கவுட் வலிக்கென்றே ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் மருந்து கோல்ச்சிசின். ஐரோப்பாவில் அது குரோக்கஸ் போலப் பூக்கும் ஒரு கிழங்குச் செடியிலிருந்து வந்தது; 1820-ல் பாரிஸில் பெல்லெத்தியேயும் கவாந்துவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே சரக்கு நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று இதைக் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். காலையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிற வேலை நடக்கும். அந்த விதைதான் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

இதைக் கேட்டதும், "அப்போ கிழங்கையே அரைச்சுக் குடிச்சா என்ன?" என்று ஒருவர் கிளம்புவார். அது கொடிய விஷம். கவுட்டைக் காப்பாற்ற ஆள் உயிரோடு இருக்கவேண்டும். மாத்திரையாக வரும்போதே அளவு தாண்டினால் ஆபத்து. முன்பெல்லாம் பேதி ஆகும்வரை மணிக்கொரு மாத்திரை என்று கொடுத்தார்கள். வலி கட்டைவிரலிலிருந்து கழிப்பறைக்கு மாறியது. குறைந்த அளவே, வலி தொடங்கிய முதல் நாளிலேயே போட்டால், அதே பலன் தரும் என்று இப்போது தெரிந்திருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

தலையாய உத்தி

கோல்ச்சிசினும் வலி மாத்திரையும் கலவரத்தை அடக்கும், படிகத்தைத் தொடாது. படிகத்தைக் கரைப்பது அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்றவை. அலோபியூரினாலை உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். பரிசு பெற்ற மருந்து என்று தெரியாமலே அதை நம்மவர்கள் அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் 100 மில்லிகிராமில் ஆரம்பித்து, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை ஏற்றச் சொல்வார். முதல் சீட்டோடு மறைந்துவிடுங்கள். அதே 100-ஐப் பத்து வருடம் போடுங்கள். எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். மாத்திரை சாப்பிட்ட புண்ணியமும் உண்டு, கவுட்டும் உண்டு.

உண்மையான பொற்காலம் மாத்திரை தொடங்கிய முதல் மாதங்கள்தான். யூரிக் அமிலம் இறங்கும்போது பழைய படிகங்கள் கரைந்து கலையும். கலையும்போது வெள்ளணுக்கள் மறுபடி அவற்றைப் பார்த்துவிடும். வலி வரும். மருந்து வேலை செய்வதன் அறிகுறி அது. அதனால்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குக் கூடவே சிறிய அளவு கோல்ச்சிசினும் எழுதித் தருவார்கள். இதை விளக்க டாக்டருக்கு நேரம் இருக்காது. வெளியே டோக்கன் நாற்பதைத் தாண்டியிருக்கும். நீங்களும் கேட்டுவிடாதீர்கள். வலி வந்ததும், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல, போட்டதுக்கப்புறம்தான் ஜாஸ்தி ஆச்சு" என்று நிறுத்திவிடுங்கள். நான் பார்த்தவரை, கவுட்டை நெடுங்காலம் காப்பாற்றி வந்தவர்களில் பலர் சொல்லிவைத்தாற்போல் இந்த இடத்தில்தான் ஜெயித்திருக்கிறார்கள். (உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் கதை வேறு. அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்கவேண்டும்.)

முதிர்ந்த நிலை

பத்து வருடம் ஒழுங்காகக் கவனிக்காமல் இருந்தால் டோஃபை என்னும் யூரேட் கட்டிகள் தோன்றும். காது மடலின் விளிம்பில் வெளிறிய சின்ன முத்துகள். முழங்கை முனையில் உருண்டை. விரல் மூட்டுகளில் முடிச்சு; மோதிரம் கழலாது, பொத்தான் போட முடியாது. சில வேளை தோல் வெடித்து வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழம்புபோல் கசியும். அதைப் பிதுக்கி எடுக்க ஆசை வரும், புண்ணாகி ஆறாது. சிறுநீரகத்தில் கல்லும் சேரலாம். இந்த நிலைக்கு வந்தவர்களைக்கூட மருத்துவம் விட்டுவைப்பதில்லை. யூரிக் அமிலத்தை 5-க்கும் கீழே இறக்கி நிறுத்தினால் கட்டிகளே மெல்ல மெல்லக் கரைந்துவிடுகின்றன.

இப்படி எல்லாம் கரைந்து, வலி கண்டு இரண்டு, மூன்று வருடம் ஆகிவிட்டவர்களும் நம்பிக்கை இழக்கவேண்டாம். "அதான் சரியாப் போச்சே" என்று மாத்திரையை நிறுத்துங்கள். சிறுநீரகம் அதே பழைய சிறுநீரகம். சில வாரத்தில் எண் பழைய இடத்துக்குப் போய்விடும், படிகம் மறுபடி சேர ஆரம்பிக்கும். கவுட் திரும்பி வரும் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, புது ஷூ கட்டிலடியில் தயாராக இருக்கும்போது வருவதாகப் பலரும் சொல்கிறார்கள்.